பேட்டரி செத்துப்போச்சு என்று சொன்ன நாள்

கட்டுப் போடும் அறைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்கு,

நான் ஓய்வு பெற்று ஒரு வருஷம் ஆகிறது. இந்த ஒரு வருஷத்தில் உருப்படியாகச் செய்த வேலை தூங்கியது ஒன்றுதான். அதையும் பாதியில் நிறுத்தி, அனுபவத்தை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டுவிட்டீர்கள். காயத்தை எப்படிக் கழுவுவது, கட்டை எங்கே ஆரம்பிப்பது என்பதெல்லாம் என்னைவிட நன்றாகவே உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். நான் எழுதப் போவது நான் பயந்து நடுங்கிய கதை. சர்வீஸ் முழுக்க அப்படிப்பட்ட கதைகள்தான். மற்றவற்றை நினைத்தால் கொட்டாவி வருகிறது. இதை நினைத்தால் மட்டும் கொட்டாவி பாதியில் நின்றுவிடுகிறது.

அறுபதுகளின் நடுவில் செஞ்சியில் ஒரு சின்ன தர்ம ஆஸ்பத்திரியில் கட்டுப் போடும் டிரஸ்ஸராக இருந்தேன். ஒரு டாக்டர், ஒரு கம்பவுண்டர், நான். ஆண்கள் கட்டுப் போடும் அறையின் ஜன்னலைத் திறந்தால் ராஜகிரி மலை நேரே நிற்கும். மூடினால் கும்மிருட்டு. அந்த இருட்டுதான் எங்களிடம் இருந்த எக்ஸ்ரே.

அந்தப் பக்கத்தில் ஓதம், அதாவது விதைப்பையில் நீர் கோத்துக்கொள்வது, கொசுவைப் போலவே சர்வசாதாரணம். ஆனால் ஓதம் என்று வாய் திறந்து சொல்லி வந்த ஆம்பளையை நான் பார்த்ததில்லை. வயிற்று வலி என்பார்கள். இடுப்புப் பிடிப்பு என்பார்கள். ஒருவர் தலைவலி என்றே ஆரம்பித்து அரை மணி நேரம் கழித்துத்தான் கீழே இறங்கி வந்தார். வேட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வயிற்று வலி என்று ஒருவன் சொன்னால், நான் எழுந்து போய் ஜன்னலைச் சாத்துவேன்.

பிறகு டார்ச். விதைப்பைக்குப் பின்னால் டார்ச்சை வைத்து அமுக்கினால், உள்ளே இருப்பது நீர் என்றால் பை முழுக்கச் செக்கச்செவேலென்று எரியும். சதையோ கட்டியோ என்றால் இருட்டாகவே கிடக்கும். எரிந்தால் ஓதம் என்று ரெஜிஸ்டரில் எழுது, எரியாவிட்டால் என்னைக் கூப்பிடு என்று டாக்டர் சொல்லியிருந்தார். மாடு மேய்க்கிறவனுக்கும் புரிகிற சட்டம். ஆனால் அந்த டார்ச்சுக்குப் புது பேட்டரி கேட்டு எழுதிப் போட்டு மாதக்கணக்காகியிருந்தது. வெளிச்சம் தூங்கி எழுந்த மாதிரி மஞ்சளாக வரும். அதனால் ‘பேட்டரி செத்துப்போச்சு’ என்பது என் வாயில் ஒட்டிக்கொண்ட வார்த்தை. வீட்டுக்கு மண்ணெண்ணெய் வாங்க மறந்துபோனாலும் அதைத்தான் சொல்வேன்.

அன்று மார்கழி அமாவாசை. மேல்மலையனூர் அம்மன் கோயில் கூட்டத்தில் மிதிபட்டவர்கள், ஸ்பெஷல் பஸ் படியிலிருந்து விழுந்தவர்கள், விரதமிருந்து மயங்கியவர்கள் என்று வராந்தா முழுக்க ஆட்கள். டாக்டர் ஒரு கிழவியின் கையில் தையல் போட்டுக்கொண்டிருந்தார். அப்போதுதான் அவன் வந்தான். தொண்டூர் நயினார் வீட்டுப் பிள்ளை. நயினார் என்றால் அந்தப் பக்கத்துச் சமணர்கள். வயது இருபத்து நாலு இருக்கும்; ஏர் பிடித்த கை, நல்ல உடம்பு.

“வயித்து வலிண்ணா.”

ஜன்னலைச் சாத்தினேன்.

“வலி எங்க?”

“வலிலாம் இல்லண்ணா. கனமா இருக்குது. ஒரு பக்கமா கல்லு கட்டி உட்டாப்ல. எருது முட்டிச்சி, அதுக்கப்புறம்தான் கவனிச்சேன்.”

“எருதுக்கு வேற எடமே கெடைக்கலியா?”

பாவம், சிரித்தான். டார்ச்சை வைத்தேன். பை எரியவில்லை. டார்ச்சைத் தட்டினேன். மறுபடி வைத்தேன். இருட்டு. வெளியே ஒருவன் ‘யோவ், ரத்தம் ஊத்துது’ என்று கதவை இடித்துக்கொண்டிருந்தான். டாக்டரைக் கூப்பிட்டால் தையலைப் பாதியில் விட்டு வர வேண்டும், வந்து திட்டுவார். அடுத்த மாதம் என் வேலையை நிரந்தரமாக்குவதாகப் பேச்சு. இதையெல்லாம் நான் வரிசையாக யோசித்தேன் என்று நினைக்காதீர்கள். எதையுமே யோசிக்கவில்லை. வாய் தானாகச் சொன்னது.

“பேட்டரி செத்துப்போச்சு. ஓதந்தான் தம்பி. வலி இல்ல இல்ல? வலி இல்லன்னா பயமே இல்ல. நெல்லறுப்பு முடிஞ்சி வா, தண்ணிய எடுத்துடலாம்.”

“மாசில கல்யாணம்ணா.”

“அதுக்குள்ள மாப்ளைக்கு எடைய கொறச்சிடலாம், போ.”

அவன் நிம்மதியாகப் போனான். ரெஜிஸ்டரில் அவன் பெயருக்கு எதிரே ஓதம் என்று எழுதினேன். நல்ல கையெழுத்து எனக்கு.

மத்தியானம் கூட்டம் குறைந்த பிறகு ஒரு பெரியவர் வந்தார். அவருக்கும் வயிற்று வலிதான். ஜன்னலைச் சாத்தி, அதே டார்ச்சை, அதே பேட்டரியோடு வைத்தேன். பை முழுக்கச் சிவப்பாகத் திருவிழா மாதிரி எரிந்தது. பெரியவர் குனிந்து பார்த்து அசந்துவிட்டார்.

“இன்னாபா இது, உள்ள வெளக்கு ஏத்திட்டியா?”

டார்ச்சை அணைத்தேன், போட்டேன், அணைத்தேன், போட்டேன்.

“போதும்பா, காலி பண்ணிடாத” என்றார்.

பேட்டரி சாகவில்லை. காலையிலும் சாகவில்லை.

இந்த இடத்தில் நான் எழுந்து டாக்டரிடம் ஓடினேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஓடவில்லை. ஒருவேளை காலையில் ஜன்னல் சரியாகச் சாத்தவில்லையோ, ஒருவேளை அவனுக்குத் தோல் தடிப்போ, ஒருவேளை டார்ச் இடையில் தானாகவே குணமாகிவிட்டதோ என்று மூன்று நாள் ஒருவேளைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். வேலையில் செய்யும் தவறு ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும் தம்பிகளே. அதை ஒத்துக்கொள்ளாமல் இருப்பதுதான் நாள்கணக்கில் உடம்பைப் பிழிகிற உத்தியோகம்.

என் உடம்பும் சும்மா இருக்கவில்லை. இரண்டாம் நாள் குளிக்கும்போது, அவனைத் தொட்டுப் பார்த்த மாதிரி என்னையும் தொட்டுப் பார்த்தேன். இடது பக்கம், பின்னால், மேலாக, சின்னதாக ஒரு முடிச்சு. அவ்வளவுதான். அந்தக் குளியலறையில் நான் செத்து, பாடை கட்டி, காரியம் முடிந்து, என் சைக்கிள் மச்சானுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. வெளியே மனைவி கதவைத் தட்டினாள்.

“இன்னா, தொட்டிக்குள்ள வுழுந்துட்டீங்களா?”

“வயித்து வலி” என்றேன்.

அவளிடம் போய் ஏன் அப்படிச் சொன்னேன்? அந்த வார்த்தைக்காக ஊர் ஆம்பளைகளை எல்லாம் கிண்டல் செய்தவன் நான். அன்று ராத்திரிக்கும் மறுநாளைக்கும் சோறு இறங்கவில்லை. நான்காம் நாள் மத்தியானம், டாக்டர் தனியாக இருக்கும் நேரம் பார்த்து அவர் முன்னால் போய் நின்றேன். அவருக்கு ஐம்பது வயதிருக்கும். முந்தின வருஷம் மனைவியை இழந்தவர். அதிகம் பேச மாட்டார், சிரிப்பதையும் விட்டிருந்தார்.

“என்ன?”

“வயித்து வலி சார்.”

பேனாவை மூடி வைத்தார். என் கை இரண்டும் வேட்டியைப் பிடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தார்.

“போய் ஜன்னலைச் சாத்து.”

படுக்கவைத்துப் பார்த்தார். நான் காட்டிய இடத்தை அமுக்கினார்.

“இதுவா?”

“அதேதான் சார். எவ்ளோ நாளு இருப்பேன்?”

“அந்தப் பக்கம் தொட்டுப் பாத்தியா?”

இல்லை. இரண்டு நாளாக ஒரே பக்கத்தைத் தொட்டுத் தொட்டுச் செத்துக்கொண்டிருந்த மேதாவி, அடுத்த பக்கத்தைத் தொட்டே பார்க்கவில்லை. தொட்டேன். அங்கேயும் அதே முடிச்சு.

“விதைக்குப் பின்னால சுருண்டு கிடக்கிற குழாய். எனக்கும் உண்டு, கலெக்டருக்கும் உண்டு. எழுந்திரு.”

எழுந்து வேட்டியைக் கட்ட ஆரம்பித்தேன். அவர் கை கழுவிக்கொண்டே, எனக்குச் சொல்வது போலவும் இல்லாமல், அலுப்பாகச் சொன்னார். “பயப்பட வேண்டியது வேற. விதையிலயே சேந்த மாதிரி கட்டி இருக்கும். கல்லாட்டம். சின்னதா பட்டாணி அளவு இருக்கலாம், இல்ல விதையே பெருத்துடலாம். பெரும்பாலும் வலிக்காது. கனமா இருக்குன்னுவான். சில பேருக்கு அடிவயித்துல மந்தமா ஒரு நோவு. அடி பட்டுச்சும்பான், அடியால வராது, அடி பட்ட அன்னிக்குத்தான் தொட்டுப் பாத்திருப்பான். கிழவனுங்களுக்கு வர்றதவிட இருபது முப்பது வயசுப் பசங்களுக்குத்தான் அதிகம் வரும். வலிக்கிறவன் தானா வந்துடுவான். இவன் வரமாட்டான்.”

வேட்டி முடிச்சில் என் கை நின்றுவிட்டது.

“வந்தான் சார்.”

“யாரு?”

“அமாவாசை அன்னைக்கு. இருபத்து நாலு வயசு. நீங்க சொன்னது அத்தனையும் சொன்னான்.”

“டார்ச் வச்சியா?”

“வச்சேன்.”

“எரிஞ்சுதா?”

“இல்ல சார். பேட்டரி...”

அவர் டார்ச்சை எடுத்து, ஜன்னல் சாத்தியிருந்த அந்த இருட்டில் தன் விரல்களுக்குப் பின்னால் வைத்து அமுக்கினார். ஐந்து விரலும் சிவப்பாக எரிந்தன. என் முகத்தைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

“எந்த ஊரு?”

“தொண்டூர் சார்.”

“நீ ஓதம்னு சொன்னதை நம்பி எவனாவது ஊசியக் குத்தித் தண்ணி எடுக்கப் பாத்தா, கட்டி கலைஞ்சு உடம்பெல்லாம் பரவிடும். இன்னும் ஏன் இங்க நிக்கிற?”

தொண்டூருக்குச் சைக்கிளில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். இரண்டு நாள் சாப்பிடாத உடம்புக்கு இரண்டரை. போகிற வழியெல்லாம் நான் செய்த நகைச்சுவைகள் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. மாப்ளைக்கு எடையக் கொறச்சிடலாம். அதைச் சொன்ன வாயாலேயே இப்போது என்ன சொல்வது?

நான் போய்ச் சேர்ந்தபோது அந்த வீட்டில் சாயங்காலச் சாப்பாடு நடந்துகொண்டிருந்தது. நயினார் வீடுகளில் பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்துவிடுவார்கள். அப்பா, அவன், இன்னும் இரண்டு பேர் பந்தியில். பரிமாற நாலைந்து பெண்கள். என்னைப் பார்த்ததும் அவனுக்குக் கவளம் நின்றது.

“செஞ்சி ஆஸ்பத்திரிங்க” என்றேன். “தம்பியோட வயித்து வலி விஷயமா.”

“அது சரியாப் போச்சின்னானே” என்றார் அப்பா. “இன்னாடா, போகலியா?”

“போச்சி நைனா.” சொல்லிக்கொண்டே கை கழுவாமல் எழுந்து வந்து, என்னைக் களத்துப் பக்கம் இழுத்துக்கொண்டு போனான்.

“இன்னாண்ணா, வூட்டுக்கே வந்துட்ட? யாருக்கும் தெரியாது.”

“தம்பி, நாளைக்கே வந்து டாக்டரைப் பாக்கணும். அநேகமா மெட்ராசுக்கும் போவணும்.”

“நீதான அறுப்பு முடிஞ்சி வான்ன? ரெண்டு ஏக்கரு அப்டியே நிக்குது. மாசில கல்யாணம். இப்பப் போயி மெட்ராசு ஆஸ்பத்திரில படுத்தா பொண்ணு வூட்ல இன்னா நெனைப்பாங்க?”

“வேற மாதிரி இருக்கலாம்னு டாக்டரு...”

“வலி இல்லன்னா பயமே இல்லன்ன. சிரிச்சிக்கினே சொன்ன.”

அவன் என்மேல் கோபப்படவில்லை. என்னை நம்பினான். அதுதான் தொல்லை. நான்காம் நாள் டிரஸ்ஸர் சொல்வதைவிட முதல் நாள் டிரஸ்ஸர் சொன்னதை அவன் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தான். முதல் நாள் டிரஸ்ஸரை நான்தான் தள்ள வேண்டும்.

“அன்னைக்கு டார்ச்சு எரியல இல்ல? பேட்டரி செத்துப்போச்சின்னேன். சாகல தம்பி. உனக்கப்புறம் ஒரு பெரியவருக்கு அதே டார்ச்சு நல்லா எரிஞ்சிது. ஓதமா இருந்தா உனக்கும் எரிஞ்சிருக்கணும். அன்னைக்கு மத்தியானமே எனக்குத் தெரியும். வேலை போயிடுமோன்னு மூணு நாளு கம்முனு இருந்துட்டேன்.”

அவன் போரிலிருந்து ஒரு வைக்கோலை உருவித் துண்டு துண்டாகக் கிள்ளிப் போட்டான்.

“அப்ப இது இன்னாது?”

“தெரியாது.”

“தெரியாதா?”

“தெரியாததாலதான் சைக்கிள மிதிச்சிக்கினு வந்தேன். தெரிஞ்சிருந்தா ஒரு கார்டு போட்டிருப்பேன்.”

“கெட்ட கட்டியா?”

“இருக்கலாம். இல்லாமலும் போவலாம். கெட்டதா இருந்தா அந்த ஒண்ண எடுத்துடுவாங்க.”

“எடுத்துட்டா...” தோளில் கிடந்த துண்டை இழுத்துப் பிடித்துக்கொண்டான். “கல்யாணம் இன்னாத்துக்கு அப்புறம்?”

அப்போதும் என் வாய் சும்மா இருக்கவில்லை. “ஏன், உங்க ஊர்ல ஒத்த மாட்டு வண்டி சந்தைக்குப் போறதே இல்லியா?”

சிரித்தான். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுதான். பிறகு முகத்தைத் துண்டில் துடைத்துக்கொண்டு, “நைனாகிட்ட நீயே சொல்லு. என்னால ஆவாது” என்றான்.

சொன்னேன். பெண்களை உள்ளே போகச் சொல்லிவிட்டு, விதை என்ற சொல்லை விதை என்றே சொன்னேன். என் தவறையும் சேர்த்துச் சொன்னேன். பெரிய நயினார் கையில் சோற்றோடு கேட்டுக்கொண்டிருந்தார். அடிப்பாரோ என்று நான் சைக்கிள் நிற்கும் இடத்தைப் பார்த்து வைத்துக்கொண்டேன்.

“நீ சாப்ட்டியா?” என்றார்.

“இல்லீங்க.”

“ஒக்காரு. பொழுது சாஞ்சா எங்க வூட்ல சோறு கெடையாது.” நான் உட்கார்ந்ததும் மகனைப் பார்க்காமலே சொன்னார். “காலைல மொத பஸ்ல வரோம். பொண்ணு வூட்ல நான் பேசிக்கறேன்.”

இரண்டு நாளுக்குப் பிறகு அன்றுதான் சாப்பிட்டேன். என்ன குழம்பு என்று ஞாபகமில்லை. மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டேன் என்று மட்டும் ஞாபகம் இருக்கிறது. வெட்கம் கெட்டவன்.

காலையில் வந்தார்கள். டாக்டர் ஒரு நிமிஷம்தான் தொட்டுப் பார்த்தார். உட்கார்ந்து மெட்ராசுக்குக் கடிதம் எழுதினார். அங்கே எடுத்துவிட்டார்கள். கெட்ட கட்டிதான். அதிகம் பரவவில்லை என்றார்கள். வயிற்றுக்குக் கரண்ட்டு வைத்தார்கள். நம் ஊரில் கதிர்வீச்சு வைத்தியத்துக்கு அதுதான் பெயர். அறுப்பை ஊர்க்காரர்கள் சேர்ந்து அறுத்தார்கள். மாசிக் கல்யாணம் ஆவணிக்குத் தள்ளிப் போனது. என் வேலை நிரந்தரமானது மட்டும் அதைவிடத் தள்ளிப் போனது. அது நியாயம்தான்.

இதை நான் ஜெயித்த கதையாகப் படித்துவிடாதீர்கள். அடுத்த வாரமே டாக்டர் தன் காசில் புது பேட்டரி வாங்கி வந்து மேஜையில் வைத்தார். அன்றைக்கு நான் பழைய ரெஜிஸ்டரை எடுத்துப் புரட்டினேன். ஓதம், ஓதம், ஓதம். எல்லாம் என் அழகான கையெழுத்து. அதில் யாருக்கு டார்ச் எரிந்தது, யாருக்கு ‘பேட்டரி’ சொன்னேன் என்று ஒரு வரிகூட இல்லை. இளவயதுக்காரர்கள் எல்லாருக்கும் கார்டு போடச் சொன்னார் டாக்டர். போட்டேன். பலர் வந்தார்கள், எல்லாருக்கும் எரிந்தது. சீயமங்கலத்துக்குப் போட்ட ஒரு கார்டு மட்டும் திரும்பி வந்தது. ஆள் இல்லை என்று தபால்காரர் எழுதியிருந்தார். ஊரை விட்டுப் போனவனா, உலகத்தை விட்டுப் போனவனா என்று போய் விசாரித்தேன். யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. வேலை மெட்ராசில் என்றார் ஒருவர். அப்படியே இருக்கட்டும் என்று நினைத்துக்கொள்கிறேன். நினைத்து நினைத்துச் சலித்துவிட்டது, ஆனாலும் நினைக்கிறேன்.

இப்போது உங்களிடம் நல்ல மெஷின்கள் இருக்கின்றன. டார்ச் எரிந்தாலும் நீருக்குள்ளே கட்டி ஒளிந்திருக்கலாம் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கு அப்போது தெரியாது. ஆனால் ஜன்னலைச் சாத்தும் வேலை உங்களுக்கும் இருக்கிறது. வயிற்று வலி என்று வருகிற பையனிடம் வெட்கப்படாமல் கேளுங்கள். குளிக்கும்போது மாதத்துக்கு ஒரு தடவை இரண்டு பக்கத்தையும் விரலால் உருட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு பக்கத்தையும். ஒரே பக்கத்தைத் தொட்டுப் பார்த்துச் செத்துப்போன ஆள் சொல்கிறேன்.

அடுத்த வருஷம் ஒரு நாள் அவன் வந்தான். கொஞ்சம் சதை போட்டிருந்தான். வெளியே பெஞ்சில் அவன் மனைவி உட்கார்ந்திருந்தாள், ஏழு மாதம். அவளைக் காட்ட வந்தவன், என் அறைக்குள் நுழைந்து, தானே ஜன்னலைச் சாத்தினான்.

“மெட்ராசுல மிச்சம் இருக்கறதயும் அப்பப்போ காட்டிக்கச் சொன்னாங்க. பாத்துடுண்ணா.”

தொட்டுப் பார்த்தேன். வழுவழுப்பாக, மெத்தென்று, எப்படி இருக்க வேண்டுமோ அப்படித்தான் இருந்தது. டார்ச்சுக்கு அங்கே வேலையே இல்லை. ஆனாலும் கையைக் கழுவிக்கொண்டு கதவுப் பக்கம் போனேன்.

“எங்கண்ணா போற?”

“டாக்டரைக் கூப்பிட.”

இருட்டில் அவன் சிரிக்கும் சத்தம் கேட்டது.

“ஏன், பேட்டரி செத்துப்போச்சா?”

“பேட்டரி நல்லாத்தான் தம்பி இருக்குது” என்றேன். “ஆளு மேலதான் சந்தேகம்.”